பாட்டுப் பெட்டியின் சிறு துளை: யுஎஸ்பிக்கு விலை கொடுத்த வரலாறு

2000களின் பிற்பாதியில் இந்திய நகரம் ஒன்றின் மின்னணுப் பொருள் கடைக்குள் நுழைந்த குடும்பத்தின் முன் பெரும்பாலும் ஒரே கேள்வி வந்து நின்றது. அடுக்கில் இரண்டு பாட்டுப் பெட்டிகள். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே உருவம், ஒரே அளவு ஒலிபெருக்கிகள். ஒன்றின் முகப்பில் மட்டும் விரல்நுனி அகலத்தில் ஒரு செவ்வகத் துளை இருந்தது. அதன் விலையும் கூடுதலாக இருந்தது. பென் டிரைவைச் செருகினால் அதிலுள்ள பாட்டு ஒலிக்கும் என்று விற்பனையாளர் சொல்வார். அந்தத் துளைக்கு அவ்வளவு கொடுக்கலாமா என்று வாங்க வந்தவர் யோசிப்பார்.

பார்வைக்கு இது ஒரு நாள் கடைத்தெருவில் எழுந்து அன்றே தீர்ந்துபோகும் கேள்வி. ஆனால் இந்திய வீடுகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெவ்வேறு வடிவங்களில் இதே கேள்வியைச் சந்தித்து வந்திருக்கின்றன. பாட்டைக் கேட்பதற்கான கருவிக்குப் பணம் கொடுத்தபோதெல்லாம் வாங்குபவர் ஒலியின் தரத்தோடு இன்னொன்றையும் எடைபோட்டார்: இந்தப் பாட்டு யார் கையில் இருக்கும்? எதை, எப்போது, எத்தனை முறை கேட்பது என்பதை யார் முடிவு செய்வார்? யுஎஸ்பித் துளையின் மதிப்பை அந்த நீண்ட கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் சரியாக அளக்க முடியும்.

கணக்கு கிராமபோனில் தொடங்குகிறது. 1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெடரிக் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்குச் சென்று, அங்கே தட்டுகளாக அச்சாகி, மீண்டும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பாடலின் முடிவில் பாடகி தன் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. மொழி அறியாத தொலைதூரத் தொழிலாளர் எந்தத் தட்டு எவருடையது என்று அடையாளம் காண அது உதவியது என்பர். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலை அமைந்தது. பின்னர் தொழில் டம்டமுக்கு இடம்பெயர்ந்தது.

கிராமபோன் வாங்கியவர் தட்டுகளையும் தொடர்ந்து வாங்க வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்க வேண்டும். இத்தனை சிரமத்துக்கும் பதிலாக வீட்டுக்குக் கிடைத்தது ஓர் உரிமை. கோயில் விழாவுக்கோ ஜமீன்தார் சபைக்கோ நாடகக் கொட்டகைக்கோ போகாமல், விரும்பிய நேரத்தில் விரும்பிய குரலைக் கேட்கலாம். மேலும், ஒரு நிறுவனத்தின் தட்டு இன்னொரு நிறுவனத்தின் பெட்டியிலும் சுழலும். வாங்கிய தட்டு வாங்கியவருடையது; அதை அண்டை வீட்டாருக்கு இரவல் தரலாம், பேரனுக்கு விட்டுச் செல்லலாம்.

வானொலி இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. பெட்டி ஒருமுறை வாங்கினால் போதும். பாட்டு காற்றில் வரும். ஆனால் கேட்பவர் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. வானொலி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் பணம் கட்டி ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும் நடைமுறை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. கட்டணம் கட்டியவருக்கும் என்ன பாட்டு ஒலிபரப்பாகும் என்பதில் அதிகாரம் இல்லை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தன. செவ்வியல் இசையைக் காப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. கேட்பவர்கள் அந்த முடிவுக்குக் காத்திருக்கவில்லை. வானொலியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். அங்கிருந்து வந்த இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியான பினாகா கீத்மாலா அமீன் சயானியின் குரலை வட இந்திய வீடுகள் தோறும் கொண்டு சேர்த்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கியபோது அரசே திரைப்பாடலுக்குத் திரும்பி வந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளிலும் கிராமபோனும் தட்டுகளும் வைத்திருந்த வீட்டில் திரைப்பாடல் ஒருநாளும் நிற்கவில்லை. வானொலியை மட்டும் நம்பிய வீடு வெளியே எங்கோ எடுக்கப்பட்ட முடிவுக்குக் கட்டுப்பட்டது. சொந்தச் சேமிப்புக்கும் பிறர் தரும் ஓட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு பின்னர் வந்த ஒவ்வொரு கருவியிலும் மீண்டும் தலைகாட்டியது.

அடுத்த பெரிய மாற்றம் ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் இந்தியாவில் பெருவழக்கானது 1970களின் இறுதியிலும் 1980களிலும்தான். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளில் ‘டூ இன் ஒன்’ எனப்பட்ட வானொலியும் கேசட்டும் இணைந்த கருவி வந்து இறங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் உள்நாட்டிலும் உற்பத்தி பெருகியது. இசைத்தட்டை அழுத்தி எடுக்க ஆலை வேண்டும். கேசட்டில் பதிய ஒரு சிறு அறையும் சில கருவிகளும் போதும். எச்.எம்.வி. என்ற பெயரில் பல பத்தாண்டுகள் சந்தையை ஆண்ட கிராமபோன் கம்பெனியின் பிடி இதனால் தளர்ந்தது. டெல்லி தரியாகஞ்சில் பழரசக் கடை நடத்திய குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் மலிவு விலையில் கேசட்டுகளை வெளியிட்டு, வெற்றிலைபாக்குக் கடை வரைக்கும் அவற்றைக் கொண்டு சென்றது. போஜ்பூரி, கட்வாலி, பஞ்சாபி என்று பெரிய நிறுவனங்கள் அதிகம் கண்டுகொள்ளாத மொழிகளின் நாட்டுப்பாடல்களும் பக்திப்பாடல்களும் கேசட்டில் இடம்பெற்றன. இம்மாற்றத்தை ஆராய்ந்த பீட்டர் மானுவலின் ‘கேசட் கல்ச்சர்’ என்ற நூல் 1993இல் வெளிவந்தது.

வீட்டுக் கணக்கில் கேசட்டின் சிறப்பு அதன் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் பதிவாகும். அதுவரை கேட்பவராக மட்டும் இருந்த குடும்பம் முதன்முறையாகத் தன் ஒலியைத் தானே சேமித்தது. வானொலிக் கச்சேரி, மகளின் முதல் மழலை, பாட்டியின் தாலாட்டு, வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய அறுபது நிமிட ஒலிநாடா எனப் பலவும் இந்திய அலமாரிகளில் சேர்ந்தன. இரண்டு கேசட் அறைகள் கொண்ட ‘டபுள் டெக்’ பெட்டி வந்தபோது, யுஎஸ்பித் துளையின் மூதாதைக் கேள்வி கடைத்தெருவில் எழுந்தது: இரண்டாவது அறைக்கு ஏன் கூடுதல் பணம்? அது ஒலியைச் சிறிதும் மேம்படுத்தாது. நண்பரிடம் இரவல் வாங்கிய கேசட்டை நகலெடுக்க மட்டுமே அது உதவும். ஆயினும் பல குடும்பங்கள் அதற்குப் பணம் கொடுத்தன. சேமிப்பைப் பெருக்கும் வழியாக அதை அவை கண்டன.

1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, விலை காரணமாக இந்திய நடுத்தர வீடுகளை மெல்லவே எட்டியது. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக மாற்றிச் சேமிக்கும் முறை அது. தகட்டிலிருந்த ஒலி எண்களாக மாறியபின், அந்த எண்களைச் சுருக்கலாம் என்ற வாய்ப்பும் பிறந்தது. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வகம் பெரும்பங்கு ஆற்றிய எம்பி3 முறை, மனிதச் செவி பொருட்படுத்தாத நுண் விவரங்களை விலக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும். குறுந்தகட்டில் ஒரு விநாடி ஒலிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவைப்பட்டது. அக்காலத்தில் பரவலாக இருந்த எம்பி3 கோப்புக்கு 128 கிலோபிட் போதும். அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. ஒரு நிமிடப் பாட்டு ஏறத்தாழ ஒரு மெகாபைட்டில் அடங்கியது. பன்னிரண்டு பதினைந்து பாடல்கள் இருந்த வட்டத்தகட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் ஏறின. இசையமைப்பாளர் ஒருவரின் பல ஆண்டுப் பாடல்களை ஒரே தகட்டில் அடக்கி நடைபாதையில் விற்றார்கள். அவற்றில் மிகப்பல உரிமம் இல்லாத நகல்கள் என்பதும் வரலாற்றின் பகுதியே.

இதற்கிடையில் யுஎஸ்பி வேறொரு தேவைக்காகப் பிறந்திருந்தது. கணினியின் பின்புறத்தில் விசைப்பலகைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று எனப் பலவகைத் துளைகள் இருந்த குழப்பத்தை நீக்க இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து பொதுத் தரம் ஒன்றை வகுத்தன. அதன் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளியானது. இம்முயற்சியில் முன்னணியில் நின்ற இன்டெல் பொறியாளர் அஜய் பட் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2000ஆம் ஆண்டில் வேகமான இரண்டாம் பதிப்பு வந்தது. அதே காலத்தில் பென் டிரைவும் விற்பனைக்கு வந்தது. பாட்டுக் கேட்பது இத்தரத்தை வகுத்தவர்களின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை.

யுஎஸ்பியின் அடிப்படை அமைப்பே பாட்டுப் பெட்டியில் அதன் விலையை உயர்த்தியது. இத்தரத்தில் இணைப்பின் இரு முனைகளும் சமமானவை அல்ல. ஒரு முனை ஆணையிடும். மறுமுனை கட்டளைக்குப் பணியும். கணினி ஆணையிடும் முனை, பென் டிரைவ் பணியும் முனை. பென் டிரைவால் தானாகப் பாட முடியாது. ஆகவே அதை ஏற்க வேண்டிய பாட்டுப் பெட்டி ஒரு சிறு கணினியாக மாற வேண்டியிருந்தது. கோப்புகள் அடுக்கப்பட்டுள்ள முறையை அது படிக்க வேண்டும், எம்பி3 சுருக்கத்தை விரிக்க வேண்டும், எண்களை மீண்டும் மின்னலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப வேண்டும். எம்பி3 முறைக்குக் காப்புரிமை இருந்ததால் தயாரிப்பாளர்கள் உரிமத் தொகையும் செலுத்த வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இவை உண்மையான செலவுகள்.

விரைவிலேயே இவ்வேலைகள் அனைத்தும் ஒரே சில்லுக்குள் அடங்கின. பொருளின் செலவு குறைந்தபின்னும் கடை அடுக்கில் விலை வேறுபாடு சில காலம் தொடர்ந்தது. வசதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கீழ்நிலைப் பெட்டியில் இல்லாத ஒன்றை மேல்நிலைப் பெட்டியில் வைத்து விலைப்படிகளை அமைப்பது நுகர்பொருள் தொழிலின் பழைய வழக்கம். டபுள் டெக்குக்கு நேர்ந்தது யுஎஸ்பிக்கும் நேர்ந்தது.

இந்தியக் கடைத்தெரு அதற்குத் தன் பாணியில் விடை கண்டது. டெல்லியின் லாஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையின் லேமிங்டன் ரோடு, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு மின்பலகைகள் விற்பனைக்கு வந்தன. முகப்பில் யுஎஸ்பித் துளை, மெமரி கார்டுக்கு ஓர் இடுக்கு, எஃப்எம், சிவப்பு எண்கள் ஒளிரும் சிறு திரை, கூடவே ஒரு ரிமோட். பழைய டேப் ரெக்கார்டரின் கேசட் அறையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இப்பலகையைப் பொருத்திக் கொடுத்தார்கள் தெருமுனைப் பழுதுபார்ப்பவர்கள். ஒலிபெருக்கியும் ஆம்ப்ளிஃபயரும் அப்படியே இருக்க, பெட்டி மட்டும் புதுப் பிறவி எடுத்தது. நிறுவனம் ஒரு விலைப்படி முழுவதற்கும் கேட்ட வசதியைப் பழுதுபார்ப்பவர் சில நூறு ரூபாய்க்குத் தந்தார். துளையின் உண்மையான விலை என்ன என்பதை நடுத்தரக் குடும்பங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் அவரே.

இன்னொரு மாற்று வழியும் இருந்தது: ஆக்ஸ் கம்பி. கைபேசியின் செவிப்பொறித் துளையிலிருந்து பாட்டுப் பெட்டிக்கு ஒரு 3.5 மில்லிமீட்டர் கம்பியை இணைத்தால் போதும். கோப்பை விரிக்கும் வேலையைக் கைபேசியே செய்துவிடும். ஆகவே எந்த வகைக் கோப்பானாலும் கவலையில்லை. கைபேசி பாடினால் பெட்டியும் பாடும். அப்படியானால் வாங்குபவரின் முன்னிருந்த கேள்வி, யுஎஸ்பிக்கும் வெறுமைக்கும் இடையிலானது அன்று. யுஎஸ்பிக்கும் மலிவான ஒரு கம்பிக்கும் இடையிலானது. கம்பியில் குறைகளும் இருந்தன. கைபேசி பெட்டியோடு கட்டுண்டு கிடக்கும். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். கைபேசிக்காரர் வீட்டை விட்டுக் கிளம்பினால் பாட்டும் அவரோடு கிளம்பிவிடும். பென் டிரைவ் பெட்டியிலேயே இருக்கும். வீட்டிலுள்ள முதியவர் ஒரு பொத்தானை அழுத்தினால் விடியற்காலைச் சுப்ரபாதமோ குர்பானியோ நாத்தோ ஒலிக்கும். தனிக் கைபேசி இல்லாத வீட்டு உறுப்பினர்களுக்கு அத்துளை ஒரு சுதந்திரமாக அமைந்தது.

துளை உள்ள எல்லாப் பெட்டிகளும் ஒரே மதிப்புடையவையும் அல்ல. வாங்கியபின் அனுபவத்தில் தெரிந்துகொண்டவை பல. எம்பி3யை மட்டும் ஏற்கும் பெட்டிக்கு, தரம் குறையாமல் சுருக்கப்பட்ட ஃபிளாக் கோப்பு பயன்படாது. ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவை மட்டுமே படிக்கும் பெட்டி, வேறு முறையில் அமைந்த பெரிய வட்டைக் கண்டால் வெறுமனே விழிக்கும். யுஎஸ்பி 2.0 துளை தரக்கூடிய மின்னோட்டம் அரை ஆம்பியர். அது சுழலும் வட்டுக்குப் பல நேரங்களில் போதாது. தமிழிலோ தேவநாகரியிலோ பெயரிட்ட கோப்புகள் திரையில் வெற்றுக் கட்டங்களாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக இந்திய வீடுகளைச் சோதித்தது மின்வெட்டு. நிறுத்திய இடத்தை நினைவில் வைக்காத பெட்டி, மின்சாரம் திரும்பியதும் எண்ணூறு பாட்டில் முதல் பாட்டிலிருந்து மீண்டும் தொடங்கும். அத்தகைய வீட்டில் முதல் பத்துப் பாட்டுகள் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடமாயின. சில பெட்டிகளின் துளையோ பாட்டுக்கு உரியதே அன்று. கைபேசிக்கு மின்னேற்றவோ பழுதுபார்ப்பவர் மென்பொருளைப் புதுப்பிக்கவோ வைக்கப்பட்டது. துளைக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் பெரும்பாலும் துளையை மட்டும் பார்த்தவர்கள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்காதவர்கள்.

ஒலித்தரம் பற்றிய மயக்கமும் இங்கே தெளிய வேண்டும். யுஎஸ்பி ஒலியை மேம்படுத்தும் என்று நம்பி வாங்கியவர்கள் இருந்தனர். 128 கிலோபிட் கோப்பு எந்தத் துளை வழியாக நுழைந்தாலும் அதில் விடுபட்ட விவரம் திரும்பி வராது. நல்ல குறுந்தகடும் நல்ல ஒலிபெருக்கியும் வைத்திருந்தவருக்கு அக்காலத்து யுஎஸ்பி ஒரு படி கீழிறக்கமே. ஒலித்தரமே குறிக்கோள் என்றால், கூடுதல் பணம் ஒலிபெருக்கிக்குப் போயிருக்க வேண்டும்.

சட்டமும் இக்கதையில் மெல்ல நுழைந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு விலக்கு அளித்த 52ஆம் பிரிவு, நெடுங்காலம் இலக்கியம், நாடகம், இசை, கலைப் படைப்புகளையே பெயர் சொல்லிக் குறித்தது. ஒலிப்பதிவு என்பது சட்டத்தின் பார்வையில் இசைப் படைப்பிலிருந்து வேறான தனி வகை. அதனால் அது விலக்கின் சொற்களுக்கு வெளியே நின்றது. தான் காசு கொடுத்து வாங்கிய கேசட்டைத் தன் பயன்பாட்டுக்காகவே கோப்பாக மாற்றியவரின் நிலை தெளிவின்றி இருந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த இடத்தில் கணினி நிரல் நீங்கலாக எந்தப் படைப்பும் என்று விரித்தது. உரிமம் இல்லாத நகலை விற்பது குற்றமாகவே தொடர்ந்தது. ஆனால் தன்னுடையதைத் தனக்காகச் சேமிப்பவருக்குச் சட்டத்தின் சொற்களில் முன்னைவிட உறுதியான இடம் கிடைத்தது.

இதே பத்தாண்டின் பிற்பாதியில் காட்சி மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் கைபேசி இணையத்தின் விலை சரிந்தது. பாட்டைச் சேமித்து வைக்க வேண்டிய தேவை பலருக்கு மறைந்தது. அதே மாதத்தில் வெளிவந்த ஐபோன் 7 செவிப்பொறித் துளையை நீக்கியது. பின்னர் வேறு பல கைபேசிகளும் அவ்வழியில் சென்றன. ஆக்ஸ் கம்பியின் ஒரு முனை இவ்வாறு இடமிழக்க, புளூடூத் அதன் இடத்தைப் பிடித்தது. 2017 ஏப்ரலில் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வகம் எம்பி3க்கான உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது. யுஎஸ்பித் துளையின் விலைக்குள் இருந்த கடைசிக் காரணங்களில் ஒன்றும் நீங்கியது. ஆனால் அப்போது அத்துளையைத் தேடுவோரும் குறைந்திருந்தனர்.

அதே 2017இல் நிகழ்ந்த இன்னொன்று இந்த வரலாற்றுக்குப் பொருத்தமான திருப்பம். பழைய கிராமபோன் கம்பெனி 2000ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் மாறியிருந்தது. கேசட் அலையில் சந்தையை இழந்த அந்நிறுவனம் ‘கார்வான்’ என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய வானொலியின் தோற்றம். உள்ளே முன்கூட்டியே நிரப்பிய 5,000 பாடல்கள். விலை ஏறத்தாழ 6,000 ரூபாய். இணையம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். எல்லாப் பாட்டும் கைபேசியில் இலவசமாகக் கிடைத்த காலத்தில், பாட்டு நிரப்பிய பெட்டியை எவர் வாங்குவார் என்று பலர் ஐயுற்றனர். பிள்ளைகள் தம் பெற்றோருக்காக வாங்கினார்கள். பெட்டி பெரும் வெற்றி பெற்றது. அந்தப் பெட்டியிலும் ஒரு யுஎஸ்பித் துளை இருந்தது. நிறுவனம் தெரிந்தெடுத்த ஐயாயிரத்தோடு குடும்பம் தன் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ள அது வழிவிட்டது.

இணைய ஓட்டத்தின் மறுபக்கமும் விரைவில் வெளிப்பட்டது. 2024 மார்ச்சில் உரிம ஒப்பந்தம் முடிந்ததால் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஜீ மியூசிக்கின் பாடல்கள் விலகின. கேட்பவர்கள் சேர்த்து வைத்த பட்டியல்களில் பெயர்கள் மங்கி நின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் விங்க் மியூசிக் சேவை மூடப்படுவதாக ஏர்டெல் அறிவித்தது. இவற்றில் சட்ட மீறல் ஏதுமில்லை, வணிக முடிவுகள். ஆனால் 1952இல் வானொலியை மட்டும் நம்பியிருந்த வீட்டின் நிலைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. அன்று முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள். இன்று வேறொரு செயலிக்கு மாறுகிறார்கள். தட்டு வைத்திருந்தவருக்கு அன்று அந்தத் தேவை எழவில்லை. பென் டிரைவ் வைத்திருப்பவருக்கு இன்றும் எழுவதில்லை.

ஆயின் யுஎஸ்பி வசதிக்குப் பணம் கொடுப்பது தகுமா என்ற பழைய கேள்விக்கு வரலாறு தரும் விடை கடைக்காரரின் விடையிலிருந்து வேறுபடுகிறது. துளையின் மதிப்பு பெட்டியில் இல்லை. வாங்குபவரின் அலமாரியில் இருக்கிறது. சேமிப்பென்று எதுவும் இல்லாமல், வெளியாகும் புதுப்பாட்டை மட்டும் அவ்வப்போது கேட்டு மறக்கும் வீட்டுக்கு அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. புளூடூத்தோ கம்பியோ போதும். சேமிப்பு உள்ள வீட்டுக்கு அது தகும்; ஆனால் எந்தக் கோப்புகளைப் படிக்கும், எந்த வட்டை ஏற்கும், நிறுத்திய இடத்தை நினைவில் வைக்குமா என்று தன் பென் டிரைவையே கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்தபின் கொடுக்க வேண்டும்.

பென் டிரைவும் நிலையானதன்று. மின்னேற்ற வடிவில் தகவலைத் தாங்கும் அச்சில்லு ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்தால் தகவலை இழக்கக்கூடும். தட்டு கீறியது, நாடா சிக்கியது, சில்லு மறக்கிறது. ஒரே ஒரு பிரதியை நம்பிய சேமிப்பு எக்காலத்திலும் சேமிப்பாக நிலைத்ததில்லை.

இன்று இந்திய வீடுகளின் பரண்களில் 1980களின் கேசட்டுகள் பல கிடக்கின்றன. அவற்றிலுள்ள திரைப்பாடல்களை மீண்டும் தேடிப் பெறுவது எளிது. எங்கேனும் ஒரு நிறுவனம் அவற்றை விற்றுக்கொண்டிருக்கும். மகனுக்குப் பேசி அனுப்பிய தாயின் ஒலிநாடா எந்தச் செயலியிலும் இல்லை. எந்த உரிம ஒப்பந்தத்திலும் அதன் பெயர் இல்லை. ஓடும் நிலையிலுள்ள ஒரு டேப் ரெக்கார்டரையும் கணினியையும் ஒரு கம்பியால் இணைத்து, நாடா உதிர்வதற்குள் அதைக் கோப்பாக மாற்றுபவர்கள் ஆங்காங்கே இருக்கிறார்கள். அப்படி மாற்றிய குரலை ஒரு பிரதி கணினியிலும் ஒரு பிரதி பென் டிரைவிலுமாக வைத்து, வரவேற்பறைப் பெட்டியில் செருகி, இணையமோ கடவுச்சொல்லோ கேட்காமல் முதியவர் ஒருவர் ஒற்றைப் பொத்தானால் தன் தாயின் குரலைக் கேட்கிறார். கடையில் எந்த விலைச்சீட்டும் குறிக்காத பயன் அது. கூடுதலாகக் கேட்ட தொகை பெரும்பாலும் அதற்குக் குறைவாகவே இருந்திருக்கிறது.